கீழ்வீட்டுப் பட்டன் போன்

நீ பாரு பாப்பா, நீ பாட்டுக்குப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல. பஸ்ஸு ராமையன்பட்டி தாண்டுததுக்குள்ள நாப்பது வீடியோ தள்ளிட்டியே, வெரலு வலிக்காதான்னுதான் பாத்தேன். எனக்கு என்ன? நானும் தள்ளுனவதான். இப்பவும் தள்ளுதவதான். நடுவுல ஒரு ரெண்டு மாசம் மட்டும் பட்டன் போன் வச்சிருந்தேன். சிரிக்காத. அது பெரிய கத. சங்கரன்கோவில் போயிச் சேர ஒரு மணி நேரம் ஆவும்லா, கேக்கியா? காதுல மாட்டியிருக்கதுல ஒண்ண மட்டும் கழத்து, போதும்.

எம் பேரு செண்பகவல்லி. எங்க வீடு மாடி வீடு. மாடியில நாங்க, கீழ எங்க கொழுந்தனும் அவரு பொண்டாட்டி திலகவதியும். எனக்கு ஓரகத்தி முற. ஆனா நான் அவள ஒரு நாளும் அப்படி நெனச்சதில்ல, தங்கச்சி மாதிரிதான். அவளும் அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. அத மொதல்லயே சொல்லிருதேன், பொறவு நீ தப்பா நெனச்சுரக் கூடாது பாரு.

இந்தத் திலகா போன ஆடித்தபசு முடிஞ்ச கையோட ஒரு காரியம் செஞ்சா. நல்லா இருந்த பெரிய போன எடுத்து எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி பீரோவுக்குள்ள வச்சுட்டா. ஒரு பட்டன் போன வாங்கிட்டா. ஏண்டின்னு கேட்டா, "பால அடுப்புல வச்சுட்டு போன பாத்துட்டே இருந்துட்டேங்க்கா. பொங்கி, வத்தி, பாத்திரம் கருகி, தெருக் கொழா வரைக்கும் தீய்ஞ்ச வாட வந்த பொறவுதான் எந்திரிச்சேன். இது சரிப்படாதுக்கா"ன்னா. பால் பொங்குனா பால் போச்சு, போனுமா போவணும்? ஆனா நான் ஒண்ணும் சொல்லல. அவ போனு, அவ இஷ்டம்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். எங்க சொந்தக்காரங்க குரூப்பு இருக்கு பாரு, எம்பத்தி நாலு பேரு, அதுக்கு அட்மின் நான்தான். காலையில அஞ்சரைக்கு மொத வணக்கம் என்னோடதுதான் விழும். ரோசாப்பூ, மயிலு, முருகரு, அன்னன்னைக்கு உள்ள கெழமைக்குத் தகுந்த சாமி. எவன் வீட்டுல நல்லது கெட்டது நடந்தாலும் மொதல்ல எனக்குத்தான் சொல்லுவாவ, நான் குரூப்புல போடுவேன். பொறவு என் ஸ்டேட்டஸ். எம் மவன் சங்கரு கத்தார்ல இருக்கான், மருமவ, பேரன் கவினு எல்லாம் அங்கனதான். பேரன் ஒக்காந்தா ஒரு படம், எந்திரிச்சா ஒரு படம். ஒரு நாளைக்குப் பத்து, பன்னெண்டு போடுவேன். மொத ஆளா பாக்குதது யாரு? திலகாதான். போட்டு ஒரு நிமிசம் ஆவாது, அவ பேரு வந்துரும். அந்தப் பேரு வராமப் போனா ஒரு மாதிரி இருக்காதா? அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.

சரி, போன விட்டா, விட்டா. அதோட ஒழிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்தக் கதையச் சொல்லப் போறேன்?

ஆவணியில எங்க சின்ன மாமனார் வீட்டுல புதுவீடு கட்டி பால் காய்ச்சுனாவ. பத்திரிக்கைய குரூப்புல போட்டாச்சு. நானும் பாத்து, கையெடுத்துக் கும்பிடுத படம் ஒண்ணு போட்டேன். மறுநா சாயங்காலம் பாத்தா வாசல்ல ஆட்டோ வந்து நிக்கி. சின்ன மாமனாரு, மாமியாரு, கையில தட்டு, தட்டுல வெத்தல பாக்கு, பழம், பூ, குங்குமம். ஏ சாமி, நேர்ல அழைக்க வந்துட்டாவளேன்னு நான் வேகமா முகத்த கழுவிட்டு, ஒரு நல்ல சேலைய சுத்திக்கிட்டு, மாடிப்படி பக்கம் வந்து நிக்கேன். ஒருத்தரும் ஏறி வரல. கீழ பேச்சு, சிரிப்பு, காப்பி வாசம். அர மணி நேரம் கழிச்சு வெளிய வந்தாவ. மேல என்னைய நிமிந்து பாத்து மாமியாரு சொல்லுதாவ: "ஒனக்குத்தான் குரூப்புல போட்டாச்சுல்லா செம்பகம்? திலகாவுக்குத்தான் வாட்ஸப்பு இல்ல, அதான் நேர்ல வந்தோம்."

கேட்டியா பாப்பா? போன் இல்லாதவளுக்கு வெத்தல பாக்கு. போன் வச்சிருக்கவளுக்குப் படம்.

அதுக்குப் பொறவு இதே வழக்கமாப் போச்சு. எவன் வீட்டு விசேசம்னாலும் எனக்கு டிங்குன்னு ஒரு சத்தம், அவளுக்கு ஆட்டோ. காதுகுத்தா, திலகா வீட்டுக்குத் தட்டு. கல்யாணமா, திலகா வீட்டுக்குத் தட்டு. வந்தவுக வந்த கையோட போறாவளா? அதுவும் இல்ல. ஒக்காந்து பேசுதாவ. அவ கையில போன் இல்லைல்லா, மூஞ்சியப் பாத்து கேட்டுக்கிட்டே இருப்பா. அது இவியளுக்கு ஒரு சொகம். "திலகாட்ட பேசுனா மனசு லேசாவுது"ன்னு எங்க பெரியம்மா என்கிட்டயே சொல்லுதாவ. என்கிட்டயே! "எப்படித்தான் விட்டாளோ, என்ன மனக்கட்டுப்பாடு"ன்னு தலையில தூக்கி வச்சு ஆடுதாவ. பட்டன் போன் வச்சது ஒரு தவமா? ஊர்ல பூ விக்குதவ, மாடு மேய்க்குதவ எல்லாம் வச்சிருக்காவ, அவியளுக்கெல்லாம் யாரு தட்டு கொண்டு போயிக் குடுத்தா?

எனக்குப் பொறாமையான்னு நீ கேப்ப. எனக்கு எதுக்குப் பொறாம? எனக்கு இல்லாதது அவகிட்ட என்ன இருக்கு? எனக்கு மவன் இருக்கான், பேரன் இருக்கான். அவளுக்குப் பிள்ள இல்ல. இருவத்தாறு வருசமாச்சு கல்யாணமாயி, போவாத கோயில் இல்ல. வளைகாப்புன்னா ஒருத்தரும் அவள அழைக்க மாட்டாவ. அழைச்சாலும் வளையல் போட விடமாட்டாவன்னு அவளே வேல இருக்குன்னு ஒதுங்கிக்கிடுவா. இம்புட்டு வருசமா வந்தவுக எல்லாம் நேரா மாடிக்கு ஏறுவாவ, போவும்போது கீழ கதவுல எட்டிப் பாத்து "வாரோம் திலகா"ன்னுட்டுப் போவாவ. அதுதான் நடப்பு. இப்ப அது தலைகீழா மாறிப் போச்சுன்னா என்ன நியாயம்னுதான் கேக்கேன். நியாயத்தத்தான் கேக்கேன்.

எங்க வீட்டுக்காரவுகட்ட சொன்னேன், எனக்கும் ஒரு பட்டன் போன் வாங்கித் தாங்கன்னு. மனுசன் பேப்பர மடக்கி வச்சுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாவ. "புலியப் பாத்து பூன சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்கு"ன்னாவ. "யாரு புலி, யாரு பூன?"ன்னு கேட்டேன். மறுநா வாங்கிட்டு வந்துட்டாவ. வாயத் தொறக்கத விட வாங்கிக் குடுக்கது லேசுன்னு அவுகளுக்குத் தெரியும்.

ஆனா சும்மா விட்டுட்டுப் போவ முடியுமா? நான் அட்மின்லா. குரூப்புல ஒரு சேதி எழுதுனேன். ஒரு மத்தியானம் பூரா ஒக்காந்து எழுதுனேன். "அன்பு உறவுகளே, கனத்த இதயத்துடன் உங்களிடமிருந்து விடை பெறுகிறேன்"னு ஆரம்பிச்சு, கண்ணு கெடுது, நேரம் கெடுது, இனிமே பட்டன் போன்தான், எதுவா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லுங்கன்னு முடிச்சேன். நேர்ல வந்துங்கத மட்டும் ரெண்டு தடவ எழுதுனேன். போட்டுட்டு, யாரு யாரு என்ன சொல்லுதாவன்னு பாக்கதுக்காக மூணு நாளு பெரிய போன கையிலயே வச்சிருந்தேன்.

மொதல்ல ஒருத்தன் கட்டைவெரலு. பொறவு எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் மவன் போடுதான், "ஆழ்ந்த இரங்கல்." அதப் பாத்துட்டு இன்னொருத்தி அழுவுத பொம்ம. இன்னொருத்தரு "எப்போது எடுக்கிறார்கள்?" படிக்கவே இல்ல பாப்பா! நான் போடுத சேதின்னா சாவுச் சேதியாத்தான் இருக்கும்னு முடிவே பண்ணிட்டாவ. எம்பத்தி நாலு பேருல ஒருத்தி, ஒரே ஒருத்தி, "ஏன் மயினி, என்னாச்சு"ன்னு கேட்டிருக்கலாம்லா?

சரின்னு போன அணைச்சு வச்சேன். காத்திருந்தேன். வாசல் கதவ அகலமா தொறந்து வச்சேன். வெள்ளித் தட்ட எடுத்துத் தேய்ச்சு, குங்குமச் சிமிழ நெரப்பி, வந்தா குடுக்க முறுக்கு சுட்டு வச்சேன். வாரம் ஒண்ணு போச்சு. முறுக்கு நமுத்துப் போச்சு. ஒரு குஞ்சு வரல. வெரலு நமநமங்குது எனக்கு. எங்க வீட்டுக்காரவுக குளிக்கப் போனா அவுக போன எடுத்துப் பாப்பேன். குரூப்புல இப்ப காலையில வணக்கம் போட ஆளே இல்ல, அதுவும் யாருக்கும் தெரியல. அவ என்னடான்னா கீழ நிம்மதியா ஒக்காந்து பூ கட்டுதா. பாட்டு வேற. எனக்கு அந்தப் பாட்டக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பட்டன் போன் வச்சா நிம்மதி வரும்னு எவன் சொன்னான்? அவளுக்கு வந்துச்சு. எனக்கு ஏன் வரல? கடக்காரன் வேற கம்பெனி போனக் குடுத்துட்டானோன்னுகூட நெனச்சேன், நெசமா.

அப்பத்தான் ராசாத்தி மவ கல்யாணம் வந்துச்சு. ராசாத்தி எங்க நாத்தனாரு, எங்க வீட்டுக்காரவுகளுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே தங்கச்சி. நான்தான் மூத்த மயினி. தாய்மாமன் சீரு எங்க கையால போவணும். அவ எப்படியும் நேர்ல வந்துதானே ஆவணும்? வந்தா யாரு வாசல்ல மொதல்ல ஏறுதான்னு பாத்துருவோம்னு இருந்தேன். பாப்பா, அந்த ஒரு வாரம் நான் சோறே சரியாத் திங்கல, நம்புவியா? பரீச்சைக்குப் போற பிள்ள மாதிரி இருந்தேன்.

வந்தா. ஒரு வெள்ளிக்கெழம, காலையில ஒம்பது மணிக்கு. கார்ல வந்து எறங்குனா. எறங்குன காலோட நேரா உள்ள போனா. எங்க? கீழ.

நான் மாடியில நிக்கேன். கையில காப்பி டம்ளரு. ஆறுது. உள்ள என்ன பேசுதாவன்னு கேக்கல, சிரிப்பு மட்டும் கேக்கு. ஒரு மணி நேரம். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி. இந்த ராசாத்திக்கு ரெண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவ நான். எண்ண தேய்ச்சு ஊத்துனவ நான். அவ எனக்கு மேல ஏறி வரதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது.

பொறவு ஏறி வந்தா. வந்தா, இல்லன்னு சொல்லல. முழங்கால் வலிக்குன்னு முக்கி மொனங்கிக்கிட்டு ஏறி வந்து, தட்ட நீட்டி, "மயினி, நீங்கதான் முன்ன நின்னு நடத்தி வைக்கணும்"னா. எம் மனசு அப்படியே குளுந்து போச்சு. கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அதோட போயிருக்கலாம்லா அவ? போற போக்குல சொல்லுதா: "ஒங்களுக்கும் இப்ப வாட்ஸப்பு இல்லியாமே மயினி, எனக்குத் தெரியாது. பத்திரிக்கைய ஒங்க போனுக்கு அனுப்பியாச்சுன்னு கீழயே கெளம்பிட்டேன். திலகாதான் புடிச்சு நிறுத்துனா. அக்கா வருத்தப்படுவாவ, மாடி ஏறி அழைச்சுட்டுப் போங்கன்னு அவதான் சொன்னா."

திலகா சொல்லி எனக்கு அழைப்பு. திலகா சிபாரிசு பண்ணி எனக்கு வெத்தல பாக்கு!

தட்டப் பாத்தேன். வாழப்பழம். அவ போன பொறவு கீழ எறங்கிப் போயி, திலகா வீட்டு மேசையில எட்டிப் பாத்தேன். அங்க என்ன இருக்கு தெரியுமா? மாதுளம்பழம். நல்லா செவசெவன்னு ரெண்டு.

அவ வெண்டைக்கா நறுக்கிட்டிருந்தா. நான் பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். "எனக்கு நீ என்னட்டி சிபாரிசு? ஒன் தயவுலதான் எனக்கு மரியாத வரணுமா? போன மூடி வச்சு என்ன நாடகம் ஆடுத? ஊரு பூரா ஒன்னைய மெச்சணும்னுதானே ஆடுத?"ன்னு என்னென்னமோ கேட்டேன். பிள்ள இல்லாதவளுக்கு இம்புட்டு ஆகாதுன்னும் சொல்லிட்டேன்னு நெனைக்கேன். கோவத்துல வாரது, அதக் கணக்குல எடுக்கக் கூடாது.

அவ கத்திய கீழ வச்சா. "ஒக்காருங்கக்கா"ன்னா. பொறவு மெதுவா சொல்லுதா:

"பால் பொங்குனது நெசந்தாங்க்கா. ஆனா நான் பாத்துட்டிருந்தது வீடியோ இல்ல. ஒங்க ஸ்டேட்டசு. கவினு மொத அடி எடுத்து வச்சானே, அது. திருப்பித் திருப்பிப் பாத்தேன். சங்கரு மொத அடி எடுத்து வச்சது எம் முந்தானையப் பிடிச்சுட்டுதாங்க்கா, ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவன் பிள்ளைய ஒரு தடவகூட நான் தொட்டதில்ல. நீங்க ஒவ்வொரு படமாப் போடப் போட எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒங்க மேல எரிஞ்சுது. எனக்கே பயமாப் போச்சுக்கா. பச்சப் பிள்ள, அதும் மேல நான் கண்ணு வைக்கலாமா? அதான் மூடி வச்சேன். பாக்காம இருந்த பொறவுதான் ஒங்க மேல மறுபடியும் பாசமா இருக்க முடிஞ்சுது."

நெசந்தான், சங்கர வளத்தது அவதான். நான் பீடி சுத்தப் போயிருவேன். இடுப்ப விட்டு எறக்க மாட்டா. அது பழைய கத, இப்ப எதுக்கு?

நீ என்ன நெனைப்ப, எனக்கு அழுவ வந்துச்சுன்னுதானே? வந்துச்சு. அவ கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஆனா பாப்பா, உள்ளுக்குள்ள, என்ன சொல்ல, வெயில்ல வந்தவளுக்கு ஒரு சொம்பு பதினி குடுத்த மாதிரி இருந்துச்சு. அவளுக்கு எம்மேல பொறாம! இம்புட்டு நாளா! ஆட்டோ வந்து நின்னது, தட்டு வந்தது, மாதுளம்பழம், எல்லாம் ஒண்ணுமில்லாமப் போயிட்டு ஒரே நிமிசத்துல. அன்னைக்கு மத்தியானம் படுத்தவ வெளக்கேத்துத வரைக்கும் தூங்குனேன். ரெண்டு மாசத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கல.

எந்திரிச்ச உடனே பட்டன் போன்ல இருந்து சிம்மக் கழட்டி பெரிய போன்ல போட்டுட்டேன். கல்யாணத்துக்குப் போனேன், சீரு செஞ்சேன், எல்லாம் நல்லா நடந்துச்சு. கத்தார்ல இருந்து பிள்ளைய கூட்டிட்டு வந்திருந்தாவ. பேரனுக்குப் பட்டு வேட்டி கட்டி எம் மடியில வச்சு எடுத்த படம், அவன் எனக்கு முத்தம் குடுக்குத படம், எல்லாத்தையும் போட்டேன். அறுவத்தி மூணு பேரு பாத்துட்டாவ. நான் தேடித் தேடிப் பாக்கேன், பேரு பேரா எறக்கிப் பாக்கேன். அவ பேரு இல்ல. எங்கிட்டு இருக்கும்? அவகிட்டதான் பட்டன் போனாச்சே. கல்யாண வீட்டுல பிள்ளையத் தூக்கச் சொல்லிக் குடுத்தாலும், "கை ஈரமா இருக்குக்கா"ன்னு தள்ளிப் போயிட்டா.

அறுவத்தி மூணு பேரு பாத்து என்ன செய்ய? அவியளுக்கு எரியவா போவுது?

அதான் இன்னைக்கு டவுனுக்கு வந்தேன். இந்தா பாரு, இந்தப் பெட்டி. பிரிச்சுப் பாரு, பயப்படாத. புதுப் போன். எம் போன விடப் பெரிய போன், படமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுமாம், கடக்காரப் பையன் சொன்னான். நாளைக்கு அவளுக்குக் கல்யாண நாளு. சொந்தத் தங்கச்சிக்குக்கூட நான் இம்புட்டு பெரிய பொருளு வாங்கிக் குடுத்ததில்ல. பாவம், எத்தன நாளைக்குத்தான் அந்தப் பட்டன அமுக்கிக்கிட்டு கெடப்பா? வேணாம்னு சொல்ல மாட்டா. நான் எதக் குடுத்தாலும் அவ வேணாம்னு சொன்னதில்ல. பிள்ளையக் குடுத்தேன், வளத்தா. இதையும் வாங்கிக்கிடுவா.

நீதான் எனக்கு ஒரு ஒதவி செய்யணும். ஒன் வெரலு நல்லா ஓடுது, அதான் வந்து ஒன் பக்கத்துல ஒக்காந்தேன். இதுல வாட்ஸப்பு எல்லாத்தையும் எறக்கி வச்சுரு. சிம்ம நான் வீட்டுல போட்டுக்கிடுதேன். எம் நம்பர மட்டும் மொதல்ல பதிஞ்சு வையி. நான் ஒண்ணு போட்டா அவளுக்கு டிங்குன்னு சத்தம் வரணும், ஆமா, அடுக்களையில நின்னாலும் கேக்கணும். நாளக் காலையில கவினு என்னைய ஆச்சின்னு கூப்பிடுத வீடியோவப் போடப் போறேன். இத்தன நாளா யாருக்கும் காட்டாம வச்சிருக்கேன்.

ஏன் பாப்பா அப்படிப் பாக்க? பிள்ளைக்குக் கண்ணு பட்டுராதான்னா?

பட்டா பட்டுட்டுப் போவுது. மொளகா, உப்பு, தெருமண்ணு எல்லாம் வீட்டுலதான் இருக்கு, சுத்திப் போட்டா போச்சு. நீ பதிஞ்சு வையி, பனவடலிச்சத்திரம் வந்துட்டு. என்ன பேரு போடவா? செண்பகவல்லின்னு போடாத, அது எங்கியோ அடியில போயிரும். அக்கான்னு போடு.